தோட்டத்துக் குளத்தில் தாமரை: நடுவது முதல் அடக்குவது வரை

கும்பகோணத்துக்கு அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில் 12 அடி நீளம், 8 அடி அகலத்தில் ஒரு குளம் வெட்டினோம். அடியில் கெட்டித் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் ஓர் அடி உயரத்துக்கு வண்டல் பரப்பி, நடுவில் ஒரே ஒரு தாமரைக் கிழங்கை ஊன்றினேன். முதல் வருஷம் ஏழு பூக்கள் வந்தன. வீட்டில் எல்லோருக்கும் பூரிப்பு. இரண்டாம் வருஷம் ஆடி மாதம் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து இலையை விலக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஓரத்தில் வைத்திருந்த அல்லி வெளிச்சம் கிடைக்காமல் அழுகிவிட்டது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தன. மூன்றாம் வருஷம் தண்ணீரை இறைத்துவிட்டுத் தோண்டியபோது, தார்ப்பாயின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் கிழங்கு புகுந்து கிடந்தது. இரண்டு பேர் மூன்று நாள் வேலை செய்து எடுத்தோம்.

தாமரையின் மேல் குற்றம் இல்லை. சேறும் வெயிலும் இருக்கும் இடமெல்லாம் தனக்கென்று ஓடுவது அதன் இயல்பு. அதை எங்கே நிறுத்துவது என்பதைக் கிழங்கு மண்ணுக்குள் போகும் அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும். பரவிய பின் அடக்குவது முதுகை ஒடிக்கும் வேலை. இந்த வழிகாட்டியில் சொல்லும் மற்ற எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: குளத்துச் சேற்றில் தாமரையை நேரடியாக நடாதீர்கள்; தொட்டியில் நட்டு, அந்தத் தொட்டியைக் குளத்துக்குள் இறக்குங்கள்.

வாங்குவது தாமரைதானா?

நர்சரிகளில் அல்லியைத் தாமரை என்று விற்பது சாதாரணமாக நடக்கிறது. இலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அல்லி இலையில் ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். பெரும்பாலும் தண்ணீர்மேல் படுத்தே கிடக்கும். தாமரை இலையில் வெட்டே கிடையாது. முழு வட்டம், நட்டநடுவில், அடிப்புறத்தில் காம்பு. வளர்ந்த இலை தண்ணீரை விட்டு எழுந்து குடைபோல நிற்கும். அதன்மேல் தண்ணீர் விட்டால் ஒட்டாமல் முத்தாக உருளும். தாமரையின் காம்பைத் தடவினால் சிறு முள் நெருடும்.

நீலத் தாமரை விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். தாமரையில் நீலம் கிடையாது. நீலோற்பலம் என்று நாம் சொல்வது அல்லி இனத்தைச் சேர்ந்தது. நம் ஊர்த் தாமரை செந்தாமரையும் வெண்தாமரையும்தான். மஞ்சள் தாமரை வட அமெரிக்காவின் தனி இனம். இரண்டையும் கலந்து உருவாக்கிய பல வண்ணக் கலப்பு ரகங்கள் இப்போது இங்கும் கிடைக்கின்றன. மாடியில் வைக்க நினைப்பவர்களுக்குக் கிண்ணத் தாமரை என்ற குட்டை ரகங்கள் உண்டு. நாட்டுச் செந்தாமரை ஆள் உயரத்துக்கு இலை எழுப்பும் செடி. அதைச் சிறு தொட்டிக்குள் அடக்கப் பார்த்தால் செடிக்கும் வேதனை, உங்களுக்கும் ஏமாற்றம்.

இடமும் தொட்டியும்

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும். மாமரத்து நிழலில் இலை வரும், பூ வராது.

தொட்டி வட்டமாக இருக்கட்டும். மூலை இருந்தால் சேற்றுக்குள் ஓடும் கொடியின் முனை அங்கே போய் முட்டிச் சிக்கி ஒடிந்துவிடும். நாட்டுத் தாமரைக்கு 20 முதல் 24 அங்குல விட்டமும் ஓர் அடி ஆழமும் கொண்ட, ஓட்டையில்லாத பிளாஸ்டிக் தொட்டி போதும். இன்னும் தாராளமாக வைக்க விரும்பினால் எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது: கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை. மூன்றடி விட்டமுள்ள உறை ஒன்றை வாங்கி, அடியைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டால் ஆயுளுக்கும் நிற்கும் வேலி கிடைத்துவிடும். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். அதனால் தண்ணீர் நிரப்பி, சில நாள் விட்டு, இறைத்து, மறுபடி நிரப்பி என்று இரண்டு மூன்று வாரம் ஊறவைத்த பிறகே மீனையும் செடியையும் விடுங்கள்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் குளத்துக்குக் கம்பி வலையோ வேலியோ முதலில். தாமரை பிறகு.

மண்

பூந்தொட்டிக்கென்று விற்கும் தென்னைநார்க் கலவை வேண்டாம். தண்ணீர் ஊற்றியதும் மேலே மிதந்துவிடும். வயல் களிமண்ணும் வண்டலும்தான் தாமரைக்கு உகந்தவை. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். நான் தொட்டியின் அடியில் நன்றாக மக்கிக் காய்ந்த சாணம் இரண்டு கைப்பிடி, எலும்புத்தூள் ஒரு கைப்பிடி போட்டு, அதன்மேல் வெறும் களிமண்ணை நிரப்புகிறேன். பச்சைச் சாணம் போட்டால் தண்ணீருக்குள் புளித்துக் கொப்பளித்து இளங்கிழங்கை அழுகச் செய்துவிடும்.

தொட்டியின் விளிம்புக்கு நான்கு அங்குலம் கீழேயே மண்ணை நிறுத்திவிடுங்கள். இந்த நான்கு அங்குலம்தான் வேலி. மண்ணை விளிம்புவரை நிரப்பினால், கொடி சிரமமில்லாமல் அப்படியே வெளியே வழிந்து குளத்துக்குள் இறங்கிவிடும்.

கிழங்கை நடுவது

எங்கள் பகுதியில் மாசி, பங்குனிதான் நடவுக்குச் சரியான காலம். குளிர் விலகி வெயில் ஏறும்போது கிழங்கு தானாகவே கண் விழிக்கும். வாங்கும் கிழங்கில் இரண்டு மூன்று கணுக்களும், அடிபடாத ஒரு குருத்து முனையும் இருக்க வேண்டும். முனை ஒடிந்த துண்டு பல சமயம் முளைக்காமலேயே அழுகிவிடும். குருத்து எவ்வளவு மெல்லியது என்பதை ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்தால் புரியும். வெள்ளரிப் பிஞ்சு போல நொறுங்கும். வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள்.

மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்துச் சேறாக்குங்கள். தொட்டியின் ஓரத்தில் கையாலேயே சாய்வாக ஒரு பள்ளம் பறித்து, குருத்து முனை நடுப்பகுதியைப் பார்க்கும்படி கிழங்கைப் படுக்கவையுங்கள். முனை இரண்டு அங்குலச் சேற்றுக்குள் இருக்கட்டும். வெட்டுப்பட்ட வால்பகுதி சற்றே மேலே நீட்டிக்கொண்டிருந்தால் நல்லது. கிழங்குக்குள் காற்றுக் குழாய்கள் இருப்பதால் அது மிதக்கப் பார்க்கும். நடுக்கணுவின்மேல் ஒரு தட்டைக் கல்லை வையுங்கள். பிறகு மூன்று நான்கு அங்குலத்துக்கு மட்டும் தண்ணீர். குவளையைச் சேற்றில் சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும்.

இரண்டு வாரத்துக்குள் நாணயம் போன்ற சிறு இலைகள் தண்ணீர்மேல் மிதக்கும். ஒன்றரை மாதம் போனால் முதல் நிமிர்ந்த இலை எழும். கொடி ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதுவரை தொட்டியைக் கரையிலேயே, ஆழமில்லாத தண்ணீரில் வைத்திருந்து, அதன் பிறகு குளத்துக்குள் இறக்குங்கள். ஈரச் சேற்றோடு தொட்டி கனமாக இருக்கும். இரண்டு பேர் பிடிக்க வேண்டும். முதல் மொட்டு எட்டிப் பார்க்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.

விதையிலிருந்து

பொறுமை இருப்பவர்கள் விதையும் போடலாம். செடி தாயைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது. பூக்க ஒரு வருஷமோ மேலுமோ ஆகும். ஆனால் அந்த விதையின் உறுதியைக் கையில் வைத்துப் பார்ப்பதே ஒரு அனுபவம். சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் பழைய ஏரிப்படுகை ஒன்றில் கிடைத்த, சுமார் 1,300 வயதான தாமரை விதை முளைத்திருக்கிறது. அந்தக் கறுப்பு ஓடு தண்ணீரை உள்ளே விடாததால்தான் அத்தனை காலம் உயிர் தங்கியது. அதே காரணத்தால், அப்படியே தண்ணீரில் போட்டால் உங்கள் விதையும் சும்மா கிடக்கும்.

விதையின் ஒரு முனை கூராகவும் மறுமுனை சற்றுக் குழிந்தும் இருக்கும். குழிந்த முனையை உப்புத்தாளில் தேய்த்து, ஓட்டுக்குக் கீழே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பருப்பு தேயக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு நாள்தோறும் தண்ணீரை மாற்றினால், ஓரிரு நாளில் விதை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பருக்கும். ஒரு வாரத்துக்குள் பச்சை முளை வளைந்து வெளியே வரும். மூன்று நான்கு இலை விட்டு வேரும் தெரிந்த பிறகு களிமண்ணில் ஊன்றலாம்.

தண்ணீரும் உரமும்

இலை எழ எழ நீர்மட்டத்தை உயர்த்துங்கள். வளர்ந்த செடிக்கு மண்ணின் மேல் ஓர் அடித் தண்ணீர் தாராளம். எல்லா இலைகளும் ஒரே நேரத்தில் மூழ்கும்படி மட்டும் விடாதீர்கள். இலையின் மேற்புறம் வழியாகத்தான் தாமரை காற்றை இழுத்துக் கிழங்குக்கு அனுப்புகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இளஞ்செடி மூழ்கிச் சாவது இதனால்தான். குளத்தில் உபரித் தண்ணீர் வெளியேற ஒரு வழி வைத்து, அதன் வாயில் வலை கட்டிவிடுங்கள்.

நிமிர்ந்த இலை மூன்று வரும்வரை உரமே வேண்டாம். பிறகு 24 அங்குலத் தொட்டிக்கு ஒரு சிறு கரண்டி டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட்) உரத்தைப் பழைய செய்தித்தாளில் மடித்து, கொடி இல்லாத ஓரமாகப் பார்த்து, சேற்றுக்குள் விரல் ஆழத்துக்கு அழுத்துங்கள். மாதத்துக்கு ஒரு முறை போதும். தண்ணீரில் தூவினால் பாசிக்குத்தான் விருந்து. ஐப்பசி முதல் தை வரை உரத்தை நிறுத்திவிடுங்கள். அப்போது செடி ஓய்வெடுக்கும் காலம். அதிகம் போட்டால் இலை ஓரம் கருகும். அதைவிட மோசம், கொடி வெறிபிடித்து ஓடும்.

கொடியைக் காவல் காப்பது

தாமரைக்கு உண்மையான நடமாட்டம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. சேற்றுக்குள் சுண்டுவிரல் தடிமனில் ஒரு வெள்ளைத் தண்டு ஓடும். கணுவுக்கு ஓர் இலை, பல கணுக்களில் ஒரு மொட்டு, அங்கங்கே ஒரு கிளைக்கொடி. பருவம் முடியும்போது இதுவே சாறேறித் தடித்து நாம் சமைக்கும் கிழங்காகிறது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை இதன் வேகம் அதிகம்.

எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் பூப்பறிக்கும் பெரியவர் ஒருவர் இதைக் கண்டுபிடிக்கும் விதத்தை எனக்குக் காட்டினார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பாதத்தைச் சேற்றின்மேல் வைத்து, அழுத்தாமல் இழுத்தபடி நகர்ந்தார். சட்டென்று நின்று, "இதோ இருக்கிறது தம்பி, காலை வையுங்கள்" என்றார். விரல்களுக்கு அடியில் வழுவழுவென்று, குளிர்ச்சியாக, ஒரு நாக்குப்பூச்சியைப் போல இருந்தது கொடி. அவர் அதைப் பின்பற்றி முனைவரை போய், குனிந்து, ஒரு கணுவுக்குப் பின்னால் ஒடித்து மேலே எடுத்தார். முனை வெள்ளை வெளேரென்று கூம்பியிருந்தது. ஒடித்த இடத்திலிருந்து சிலந்தி நூல் போன்ற இழைகள் ஒரு சாண் நீளத்துக்கு விடாமல் வந்தன.

வீட்டுக் குளத்தில் இவ்வளவு தேட வேண்டியதில்லை. தொட்டியின் விளிம்பைக் கையால் ஒரு சுற்றுத் தடவினால் போதும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். விளிம்பை ஒட்டி மேலேறும் கொடி தட்டுப்பட்டால் இரண்டு வழி: இன்னும் ஓர் அடிக்கு மேல் வெளியே போகவில்லையென்றால், ஒடிக்காமல் தூக்கி வளைத்துத் தொட்டிக்குள்ளேயே திருப்பிவிட்டு ஒரு கல்லை வைக்கலாம். அதைத் தாண்டியிருந்தால் விளிம்போடு வெட்டிவிடுங்கள். குளத்து அடியில் துளி சேறு கூட இல்லாமல் வெறும் சிமெண்டாகவோ தார்ப்பாயாகவோ இருந்தால், தப்பிய கொடி நீருக்குள் தொங்கிக்கொண்டு நிற்கும். எளிதில் கண்ணில் படும். இலைச்சருகு அழுகி இரண்டு அங்குலம் படிந்திருந்தாலே அதற்கு வேரூன்ற இடமாகிவிடும். எனவே வருஷத்துக்கு ஒரு முறை குளத்து அடியை வழித்து எடுங்கள்.

எந்தத் தொல்லையும் வேண்டாம் என்பவர்கள், தொட்டியின் விளிம்பு நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே தெரியும்படி செங்கல் அடுக்கி வைத்துவிடலாம். பார்வைக்குச் சற்று உறுத்தும். ஆனால் இலை பரவியதும் விளிம்பு மறைந்துவிடும்; கொடியும் தாண்டாது. தொட்டிக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டாவது குளத்தில் நான் இப்படித்தான் செய்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு கொடிகூட வெளியேறவில்லை.

இலையும் காயும்

குளத்துப் பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடினால் குறைக்கத் தொடங்க வேண்டும். இலை அடர்ந்த குளத்தில் தண்ணீருக்குள் வெளிச்சமும் புகாது, காற்றும் கலக்காது. பாதிப்பு முதலில் மீனுக்குத்தான். பழுத்த இலை, ஓட்டை விழுந்த இலை, தொட்டியைவிட்டு வெகுதூரம் சாய்ந்த இலை என்ற வரிசையில் வெட்டுங்கள். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

வெட்டும் இடம் முக்கியம். காம்பு உள்ளே குழாய் குழாயாக இருக்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே நான்கு விரல் விட்டு வெட்டினால் மீதிக் காம்பு வழியே காற்று போய்க்கொண்டிருக்கும். நீருக்குள் வெட்டினால் அந்தக் குழாய் வழியே தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகும். இதையே செடியை ஒழிக்கவும் பயன்படுத்தலாம்; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பூ மூன்று நான்கு நாள் நிற்கும். காலையில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பும். கடைசி நாள் இதழ் உதிர்ந்து, கொட்டைகள் இருக்கும் நடுப்பகுதியான பொகுட்டு மட்டும் நிற்கும். விதைக்கென்று ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைப் பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடுங்கள். பச்சைக் கொட்டையை உரித்து, உள்ளே இருக்கும் கசப்பான பச்சை முளையை எடுத்துவிட்டுத் தின்னலாம். இளந்தேங்காய் போல இனிக்கும். காய்ந்து தலைகுப்புறக் கவிழவிட்டால் கொட்டைகள் குளத்துக்குள் விழும்.

கொசுவுக்குக் கப்பி மீன் பத்து விடுங்கள். பெரிய கெண்டையோ கோய் மீனோ வைத்திருந்தால் அவை சேற்றைக் கிளறிக் குருத்தை ஒடிக்கும். மண்ணின்மேல் கூழாங்கல் பரப்பிவிட வேண்டும். மொட்டுக் காம்பில் அசுவினிப் பூச்சி மொய்த்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியடியுங்கள், மீன்கள் தின்றுவிடும். இலையை அரிக்கும் புழுவைக் காலையில் கையால் பொறுக்கி எடுங்கள். மீன் இருக்கும் குளத்தில் பூச்சிமருந்து கூடவே கூடாது.

மாசியில் பிரித்து நடுவது

ஒரு வருஷத்தில் தொட்டி நிறைந்துவிடும். கிழங்கின்மேல் கிழங்கு ஏறினால் இலை சிறுத்து, பூ குறையும். இடமில்லாத கொடி வெளியே தாவப் பார்க்கும். ஆகவே தை கடைசியிலோ மாசியிலோ, புதுக் குருத்து ஓடத் தொடங்குமுன், தொட்டியைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடுங்கள். மண் கட்டியாக விழும். ஓரத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கிழங்கு சுற்றியிருக்கும். கத்தி வேண்டாம், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரையுங்கள். நல்ல முனையுள்ள ஒரே ஒரு கிழங்கைத் தேர்ந்து, புது மண்ணில் மீண்டும் நடுங்கள். ஒன்றுதான். இரண்டு நட்டால் நன்றாக இருக்குமே என்று மனம் சொல்லும், கேட்காதீர்கள்.

மீதியைத் துண்டு போட்டு வற்றலாக்கலாம். தோல் சீவி, வட்டமாக நறுக்கி, உப்பு மோரில் ஊறவைத்து, நல்ல வெயிலில் மூன்று நாள் காய வைத்தால், எண்ணெயில் பொரித்துத் தயிர்ச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும்.

மிஞ்சியதும், முற்றாக ஒழிப்பதும்

மனதில் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இது. மிஞ்சிய கிழங்கையோ வெட்டிய கொடியையோ ஏரியிலும் வாய்க்காலிலும் எறியாதீர்கள். தாமரை நம் மண்ணின் செடிதானே என்று நினைக்கலாம். ஆனால் நர்சரியில் வாங்கிய கலப்பு ரகம் ஊர்க் குளத்தில் வேரூன்றினால் அங்கிருக்கும் நாட்டுத் தாமரையை நெருக்கிவிடும். வாய்க்காலில் வேரூன்றினால் தண்ணீர் ஓட்டத்தை மறிக்கும். ஆகாயத்தாமரையை எந்த வடிவத்திலும் குளத்துக்குள் விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அந்தச் செடி நம் ஏரிகளை என்ன செய்திருக்கிறது என்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். வெட்டியெடுத்த எல்லாவற்றையும் மொட்டைமாடியிலோ சிமெண்ட் களத்திலோ பரப்பி, ஒடித்தால் மொறுமொறுவென்று முறியும்வரை காயவிட்டு, பிறகு மக்குக்குழியில் போடுங்கள்.

ஏற்கெனவே குளம் முழுக்கப் பரவிவிட்டதா? நல்ல வளர்ச்சிக் காலத்தில், ஆனி, ஆடி வாக்கில், மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, எல்லா இலைகளையும் மொட்டுகளையும் நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே வெட்டுங்கள். வெட்டியதை உடனே வெளியே அள்ளுங்கள். விட்டால் அழுகித் தண்ணீர் நாறும். இரண்டு மூன்று வாரத்தில் சேமிப்பைச் செலவழித்துக் கிழங்கு புது இலை அனுப்பும். நீருக்கு மேல் நிமிருமுன் அதையும் நீருக்குள்ளேயே வெட்டுங்கள். நான்கைந்து முறை விடாமல் செய்தால் வரும் இலைகள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, பிறகு நின்றுவிடும். அடுத்த சித்திரையில் குளத்தை வற்றவைத்து, சேறு வெடிக்கும்வரை காயவிட்டு, மிச்சக் கிழங்கைத் தோண்டியெடுங்கள். தார்ப்பாய் விரித்த குளமென்றால் மண்வெட்டியைத் தொடாமல் கையால்தான் தோண்ட வேண்டும். மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். ஒரு கணுவும் ஒரு குருத்தும் ஈரத்தில் மிஞ்சியிருந்தால் ஆடியில் மறுபடி ஒரு நாணய இலை மிதக்கும். அன்றைக்கே அதன் அடியைப் பிடித்துக் கிழங்கோடு எடுத்துவிடுங்கள்.